மத்திய ஃபுளோரிடா மொபைல் ஹோமில் ஓடாத ஃபர்னஸ்: கழற்றலாமா?

19 அக்டோபர் 2024 (வாசகர் கேள்வி)

அக்கா, லேக்லேண்ட் பக்கம் 1980களில் செய்த மொபைல் ஹோம் (தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் வீடு) ஒன்றை வாங்கியிருக்கிறோம். நடையில் ஒரு சிறு அறையை முழுவதுமாக அடைத்துக்கொண்டு கேஸ் ஃபர்னஸ், அதாவது வீட்டைச் சூடேற்றும் ஹீட்டர், நிற்கிறது. முன்பு இருந்தவர்கள் பல ஆண்டுகளாக அதைப் பற்றவைத்ததே இல்லையாம். மில்டன் புயலுக்குப் பிறகு அதன் உச்சியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. இந்த ஊரில் ஹீட்டர் எதற்கு? கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் அலமாரி அடிக்கப் போகிறேன். நான்கு ஸ்குரூதானே?

20 அக்டோபர் 2024

ஸ்குரூ நான்குதான் இருக்கும், தம்பி. எங்கள் வீட்டிலும் கழற்றினோம். இரண்டு பேர் பிடித்தால் ஃபர்னஸ் வெளியே வந்துவிடும். அது விட்டுப்போகும் இடங்களை மூடுவதுதான் வேலை. கூரையில் ஒரு ஓட்டை, தரையில் ஒரு ஓட்டை, கேஸ் குழாயின் முனை, மின்கம்பியின் முனை. இவற்றில் ஒன்றைப் பாதியில் விட்டாலும் நன்றாக இருந்த வீட்டை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள்.

அதற்கும் முன்னால், அது உண்மையிலேயே சும்மா நிற்கிறதா என்று பாருங்கள். பல மொபைல் ஹோம்களில் சூடேற்றும் பகுதி மட்டும்தான் வேலை செய்யாமல் இருக்கும். மேலே உள்ள காற்றாடி ஏ.சி.க்காகத் தினமும் ஓடிக்கொண்டிருக்கும். ஏ.சி.யின் குளிரூட்டும் காயிலும் அதே கூட்டுக்குள் இருக்கும். காற்று மேலிருந்து கீழே இறங்கித் தரைக்கு அடியில் உள்ள டக்ட்டுக்குள், அதாவது அறைகளுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்க்குள், போகும். அப்படிப்பட்ட வீட்டில் ஃபர்னஸைக் கழற்றினால் ஏ.சி.யும் அதோடு போயிற்று.

கண்டுபிடிக்க எளிய வழி: ஏ.சி.யை ஓடவிட்டு, ஃபர்னஸ் கதவின் கிராதி அருகே ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகையை உள்ளே இழுத்தால் காற்றாடி வேலையில் இருக்கிறது, தொடாதீர்கள். வெளியே தள்ளினால் ஏ.சி. வேறு இடத்திலிருந்து வருகிறது, அந்தக் காற்று ஃபர்னஸ் வழியாகக் கசிகிறது. புகை நேராக எழுந்தால் இரண்டும் இல்லை. கேஸ் வாடை துளி வந்தாலும் பத்தி ஏற்றாதீர்கள். டிஷ்யூ தாளைக் கிழித்துப் பிடித்தால் போதும்.

20 அக்டோபர் 2024, இரவு

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. தண்ணீர் ஹீட்டரும் கேஸில் ஓடுகிறதா? அப்படியானால் கூரையில் இரண்டு புகைக்குழாய்கள் அடுத்தடுத்து நிற்கலாம். எது எதனுடையது என்று உள்ளே இருந்து பார்த்து உறுதி செய்த பிறகே கூரைக்கு ஏறுங்கள். தண்ணீர் ஹீட்டரின் புகைவழியைத் தவறாக மூடினால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் தங்கும். அதற்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது.

23 அக்டோபர் 2024

புகை வெளியே தள்ளியது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டின் பின்பக்கம் வெளியே ஒரு பெரிய பெட்டி நிற்க வேண்டும். அதிலிருந்து தடித்த வளைகுழாய்கள் வீட்டுக்கு அடியில் நுழையும். ஏ.சி. முழுவதும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் இதைத்தான் பேக்கேஜ் யூனிட் என்பார்கள். ஃபர்னஸுக்கும் டக்ட்டுக்கும் இடையே தானாக மூடிக்கொள்ளும் தகடு ஒன்று இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அது இல்லை, அல்லது துருப்பிடித்துத் திறந்தபடி நின்றுவிட்டது. படுக்கையறைக்குப் போக வேண்டிய குளிர்காற்று நடையில் வழிகிறது. அந்தக் காற்றுப் பட்டுக் குளிர்ந்த தகட்டில் ஃபுளோரிடாவின் ஈரக்காற்று மோதி வியர்க்கிறது, உள்ளே துரு ஏறுகிறது. கழற்றுவதற்கு இது நல்ல காரணம். அலமாரி இரண்டாவது காரணம்.

சுவரில் இரண்டு தெர்மோஸ்டாட்டுகள் (சூட்டையும் குளிரையும் கட்டுப்படுத்தும் சுவிட்சுகள்) இருக்கின்றனவா? ஒன்று ஃபர்னஸுக்கு, மற்றது ஏ.சி.க்கு. ஏ.சி. தெர்மோஸ்டாட்டில் சூடாக்கும் நிலை இருந்தால் போட்டுப் பாருங்கள். வெளியே நிற்கும் யூனிட் ஹீட் பம்ப்பாகவோ (திருப்பி ஓட்டினால் வீட்டைச் சூடாக்கும் ஏ.சி.), உள்ளே மின்சூட்டுக் கம்பி உள்ளதாகவோ இருந்தால் உங்களிடம் ஏற்கெனவே ஹீட்டர் இருக்கிறது என்று அர்த்தம்.

27 அக்டோபர் 2024

சூடான காற்று வரவில்லை என்கிறீர்கள். அப்படியானால் வீட்டில் உள்ள ஒரே நிரந்தர ஹீட்டர் நீங்கள் எறிய நினைக்கும் அந்த ஃபர்னஸ்தான். மாற்று ஒன்று வந்து ஓடும் வரை அதைக் கழற்ற வேண்டாம் என்பது என் கட்சி. இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

"ஃபுளோரிடாவில் குளிரா?" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். 1983, 1985, 1989 உறைபனிகளில் லேக்லேண்ட் இருக்கும் போல்க் கவுண்டிக்கும் அதற்கு வடக்கே உள்ள கவுண்டிகளுக்கும் என்ன நடந்தது என்று பழைய ஆரஞ்சுத் தோட்டக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். தோட்டம் தோட்டமாக மரங்கள் கருகிப் போயின. பலர் மறுபடி நடவே இல்லை, தொழிலே தெற்கே நகர்ந்தது. 2010 ஜனவரிக் குளிரும் நாள்கணக்கில் நீடித்தது. ஆண்டில் சில இரவுகள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மொபைல் ஹோமின் சுவர் மெல்லியது, அடியில் காற்று புகும், தண்ணீர்க் குழாயும் அங்கேதான் ஓடுகிறது. அந்தச் சில இரவுகளில் கைக்குழந்தையோ வயதானவரோ வீட்டில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

கடையில் வாங்கும் சிறிய ஹீட்டரை வைத்துச் சமாளிக்கலாம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. அது 1500 வாட். 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும். பழைய மொபைல் ஹோமின் படுக்கையறை மின்வரிசை, அதாவது ஒரே பிரேக்கரில் ஓடும் இணைப்பு, 15 ஆம்பியர். நீண்ட நேரம் ஓடும் சுமைக்கு அதில் 80 விழுக்காடு, அதாவது 12 ஆம்பியர்தான் கணக்கு. ஒரே ஹீட்டர் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. அதே வரிசையில் விளக்கும் டிவியும் இருக்கும். பிளக் முனை சூடாகி, பிளாஸ்டிக் மணம் வரத் தொடங்கியதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். அன்றோடு அந்த ஹீட்டரைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

3 நவம்பர் 2024

காகித விஷயம். அலுப்பாக இருக்கும், ஆனாலும் படியுங்கள்.

1976 ஜூன் 15 முதல் அமெரிக்காவில் தொழிற்சாலையில் செய்த வீடுகளுக்கு எச்.யு.டி. என்னும் மத்திய வீட்டுவசதித் துறையின் விதி பொருந்தும். வெளிச்சுவரில் 2க்கு 4 அங்குல அளவில் ஒரு சிவப்பு உலோகச் சீட்டு இருக்கும். உள்ளே, பெரும்பாலும் மின்பெட்டி அருகிலோ சமையலறை அலமாரிக் கதவின் உட்புறத்திலோ, ஒரு தகவல் தாள் ஒட்டியிருக்கும். அதில் ஃபர்னஸின் பெயரும், வெளியே எவ்வளவு குளிர் வரை உள்ளே 70 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாங்கும் என்ற சான்றும் உண்டு. அந்த வீடு ஹீட்டரோடு சேர்த்துத்தான் வீடு என்று அங்கீகரிக்கப்பட்டது. அந்தத் தாளைக் கிழிக்காதீர்கள், பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள்.

விற்கும்போது இது திரும்பி வரும். வாங்குபவர் வங்கிக் கடன் எடுத்தால் நிரந்தர ஹீட்டர் எங்கே என்ற கேள்வி எழும். ஃபுளோரிடாவில் பழைய வீட்டுக்குக் காப்பீடு கேட்டால் கூரை, மின்சாரம், தண்ணீர்க் குழாய், ஏ.சி.–ஹீட்டர் ஆகிய நான்கையும் பார்த்து எழுதும் ஆய்வறிக்கை கேட்பார்கள். கூரையில் ஒட்டுப்போட்ட இடத்தையும் வெற்று ஃபர்னஸ் அறையையும் ஆய்வாளர் படம் எடுப்பார். கவுண்டி கட்டட அலுவலகத்தில் பெர்மிட் வாங்கி, ரசீதுகளோடு ஒரு கோப்பில் வைத்திருந்தால் பேச்சு அங்கேயே முடியும். பெர்மிட் எங்கே வாங்குவது என்று கலிஃபோர்னியாவிலிருந்து கேட்டவருக்கு: உங்கள் மாநிலத்தில் மொபைல் ஹோம் மாற்றங்களுக்கான பெர்மிட்டை மாநில வீட்டுவசதித் துறையே தருகிறது; நகர அலுவலகத்தில் வரிசையில் நின்று பயனில்லை.

4 நவம்பர் 2024

"மின்சாரம் போனால் கேஸ் ஃபர்னஸ் கைகொடுக்குமே" என்ற கருத்துக்கு: கைகொடுக்காது. காற்றாடிக்கு 120 வோல்ட் வேண்டும். கேஸ் நிறைய இருந்தும் மின்சாரம் இல்லாமல் அது அசையாது. மில்டனுக்குப் பிறகு எங்கள் தெருவே இருட்டில் கிடந்தது; ஒருவர் வீட்டு ஃபர்னஸும் ஏ.சி.யும் இதில் ஒரே நிலைதான். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வித்தியாசம் உண்டு: கேஸ் ஃபர்னஸின் காற்றாடிக்குச் சிறிய ஜெனரேட்டர் போதும், மின்சார ஃபர்னஸை அதில் ஓட்ட நினைக்கவே முடியாது.

10 நவம்பர் 2024

இப்போது கழற்றும் வேலை. நாங்கள் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கேஸை முதலில் வெளியே, தொட்டி அல்லது மீட்டர் அருகே நிறுத்த வேண்டும். ஃபர்னஸுக்கு வரும் கிளைக்குழாயில் வால்வை மூடினால் மட்டும் போதாது. பழைய வால்வு கசியும். குழாய் முனையில் மரையுள்ள மூடி போட்டு முறுக்கி, கேஸைத் திறந்து, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு வேலையை உரிமம் பெற்றவரிடம் கொடுத்தேன். என் கணவர் எல்லா வேலையும் தெரிந்தவர். கேஸில் மட்டும் அவரைக் கைவைக்க விடவில்லை.

பிறகு மின்சாரம். பிரேக்கரை நிறுத்தி, வோல்ட்மீட்டர் வைத்துக் கம்பி செத்துவிட்டதா என்று சோதித்து, முனைகளைச் சந்திப்புப் பெட்டிக்குள் வைத்து மூடி போட்டோம். அந்தப் பெட்டி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சுவருக்குள் புதைப்பது கூடாது. தெர்மோஸ்டாட் கம்பி 24 வோல்ட், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பழைய வட்டத் தெர்மோஸ்டாட்டின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே கண்ணாடிக் குமிழில் வெள்ளி நிறத்தில் ஒரு துளி உருண்டால் அது பாதரசம். குப்பையில் போடாதீர்கள், கவுண்டியின் அபாயக் கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள்.

முன் தகடுகளைக் கழற்றியதும் உள்ளே என்ன இருந்தது தெரியுமா? காற்றாடியின் ஒவ்வோர் இதழிலும் கம்பளி விரித்ததுபோல் தூசு. அடியில் பல்லி எலும்பு. புகைக்குழாய் இறங்கும் இடத்திலிருந்து வெப்பக்கூடு வரை பழுப்பு நிறத்தில் ஒரே கோடாகத் துரு. பல ஆண்டு மழை அந்த வழியே மெல்ல மெல்ல இறங்கியிருக்கிறது. கூடத்துக் கூரையில் ஒரு கறைகூட இல்லை. இரும்பே அவ்வளவு தண்ணீரையும் குடித்திருக்கிறது. உங்கள் வீட்டில் சொட்டத் தொடங்கியது புயலால்தானா, இல்லை வெகுகாலமாக இறங்கிப் புயலன்று வெளியே தெரிந்ததா என்று பாருங்கள்.

ஃபர்னஸ் கூடு ஏறத்தாழ 20 அங்குல அகலம், 24 அங்குல ஆழம். சில வீடுகளில் அறைக் கதவு அதைவிடக் குறுகல். கதவுச் சட்டத்தைக் கழற்றினால்தான் வெளியே வரும்.

10 நவம்பர் 2024, பின்னிரவு

1976க்கு முந்திய வீடாக இருந்தால் மேலே சொன்ன எதையும் தொடங்காதீர்கள். அந்தக் காலத்து ஃபர்னஸ் அறைச் சுவர்ப் பலகையிலும் தரை விரிப்பிலும் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கலாம். சிறு துண்டைச் சோதனைக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகே ரம்பம் எடுங்கள்.

16 நவம்பர் 2024

தரை. ஃபர்னஸைத் தூக்கியதும் டக்ட்டின் வாய் திறந்து தெரியும். கீழே எட்டிப் பார்த்தால் வீட்டின் நீளத்துக்கு ஓடும் தகரக் குழாய். உங்கள் ஏ.சி. அதே குழாயில்தான் காற்று அனுப்புகிறது. ஆகவே அந்த வாயைக் காற்றுப் புகாமல் மூட வேண்டும். தகரத்தை அளவாக வெட்டி ஸ்குரூ போட்டு, விளிம்பு முழுவதும் டக்ட்டுக்கான பசைக் களிம்பு பூசி, மேலே உலோகத்தாள் டேப். கடைகளில் 'டக்ட் டேப்' என்று விற்கும் துணி டேப்பை இங்கே ஒட்டாதீர்கள், சூட்டில் காய்ந்து உரிந்துவிடும்.

சுற்றியுள்ள தரைப்பலகையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பழைய மொபைல் ஹோமில் அது மரத்தூள் பலகை. நனைந்தால் ஊதி உதிரும், மறுபடி இறுகாது. எங்கள் வீட்டில் ஃபர்னஸின் பின்மூலையில் விரல் உள்ளே போயிற்று. உறுதியான பலகை வரும் வரை வெட்டி எடுத்து, அடியில் கட்டை கொடுத்து, பிளைவுட் போட்டோம். வீட்டுக்கு அடியில் போய்க் கறுப்பு அடித்தாளையும் பார்த்துவிடுங்கள். கிழிந்திருந்தால் அதற்கென்றே உள்ள டேப்பால் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் மண்ணின் ஈரமும் எலியும் அதன் வழியாகத்தான் வரும்.

17 நவம்பர் 2024

கூரைக்குழாயை அப்படியே விட்டு, மேலே ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துக் கட்டியிருப்பதாக ஒருவர் எழுதியிருக்கிறார். அடுத்த புயலில் அந்தப் பக்கெட் எந்தத் தெருவில் போய் விழும் என்று நினைக்கிறீர்கள்? 1992இல் ஆண்ட்ரூ புயல் மொபைல் ஹோம்களைச் சிதறடித்த பிறகுதான் காற்று விதியையே திருத்தினார்கள். கடுமையான விதி 1994 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் வீடு அதற்கு முந்தியது. அதன் கூரையில் தளர்வாக எதுவும் இருக்கக் கூடாது.

குழாயையும் அதன் அடித்தகட்டையும் முழுதாக எடுத்துவிடுங்கள். ஓட்டையின் ஓரங்களுக்குக் கட்டை கொடுத்து, பலகை வைத்து, மேலே கூரையின் வகைக்கேற்ப மூட வேண்டும். தகரக் கூரையானால் எல்லாப் பக்கமும் தாராளமாக மேலேறும் தகரத் துண்டு, அடியில் பியூட்டைல் பட்டை (ஒட்டும் ரப்பர்ப் பட்டை), நெருக்கமாக ஸ்குரூ, அதன் மேல் வெள்ளை ரப்பர்ப் பூச்சு. ஷிங்கிள் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தார் ஓடு) கூரையானால் சுற்றிலும் ஷிங்கிளை உரித்துப் புதிதாகக் கோக்க வேண்டும்; மேலே தார் தடவி விடுவது வேலையல்ல. கூரையில் சட்டம் ஓடும் கோட்டிலேயே கால் வையுங்கள். உள்ளே மறக்காமல் இன்சுலேஷன் வைத்த பிறகு சீலிங்கை மூடுங்கள்.

1 டிசம்பர் 2024

மின்சார ஃபர்னஸ் வைத்திருப்பவர் ஒருவர், அதன் கேபிளையே மினி ஸ்ப்ளிட்டுக்கு (டக்ட் இல்லாமல் சுவரில் மாட்டும் ஏ.சி.) பயன்படுத்தலாமா என்று கேட்கிறார். 15 கிலோவாட் ஃபர்னஸ் 240 வோல்ட்டில் 62.5 ஆம்பியர் இழுக்கும். அதற்குப் போட்ட கம்பியும் பிரேக்கரும் பெரியவை. சிறிய மினி ஸ்ப்ளிட்டின் பெயர்த்தகட்டில் அதிகபட்சப் பிரேக்கர் அளவு எழுதியிருக்கும். அதைவிடப் பெரிய பிரேக்கரில் மாட்டினால் பழுது வந்தாலும் பிரேக்கர் விழாது. தடித்த கம்பி அதன் முனையில் நுழையவும் நுழையாது. கம்பி அலுமினியமாக இருந்தால் இன்னொரு தொல்லை. புதிய வரிசை இழுப்பதே நல்லது.

ஃபர்னஸுக்கு மாற்றாக எங்கள் தேர்வும் மினி ஸ்ப்ளிட்தான்: 12,000 பி.டி.யு. (ஒரு மணி நேரத்தில் தரும் சூட்டின் அளவு) ஹீட் பம்ப். மின்சூட்டுக் கம்பி வாங்கும் மின்சாரத்தை அப்படியே சூடாகத் தரும். மிதமான குளிரில் ஹீட் பம்ப் அதைப்போல மூன்று மடங்குக்கு மேலும் தரும். கோடையிலும் ஓடும் என்பதால் சும்மா நிற்கும் பொருளாகவும் ஆகாது. குளிரூட்டி வாயுவைக் கையாள மத்தியச் சுற்றுச்சூழல் நிறுவனத்தின் 608 சான்று பெற்றவர் வேண்டும். பழைய காயிலைக் கழற்றுவதற்கும் அதே விதிதான். குழாயை வெட்டி வாயுவைக் காற்றில் விடுவது சட்டப்படி குற்றம்.

22 ஜனவரி 2025

நேற்று மாநிலத்தின் வடமேற்கு மூலையில் மில்டன் ஊரில் 9.8 அங்குலம் பனி பெய்திருக்கிறது. ஃபுளோரிடாவின் பழைய உச்சம் 4 அங்குலம், 1954இல், அதுவும் அதே மில்டனில். அக்டோபரில் புயலுக்கு அந்தப் பெயர், ஜனவரியில் பனிக்கு அந்த ஊர்! எங்கள் பக்கம் பனி இல்லை, எலும்பைத் துளைக்கும் குளிர்தான். 2020 ஜனவரியில் மயாமி வானிலை அலுவலகம் "மரத்திலிருந்து இகுவானாக்கள் விழலாம்" என்று அந்தப் பெரிய பல்லிகளைப் பற்றி எச்சரித்ததை மகள் நினைவுபடுத்திச் சிரித்தாள். விழுந்தவை பெரும்பாலும் சாகவில்லை, விறைத்துத்தான் போயிருக்கும். வெயில் ஏறியதும் எழுந்து போய்விடும்.

மினி ஸ்ப்ளிட் இரவெல்லாம் ஓடியது. கூடம் சுகமாக இருந்தது. கதவு சாத்திய கடைசிப் படுக்கையறை குளிர்ந்தது. ஃபர்னஸ் எல்லா அறைக்கும் டக்ட் வழியாகச் சூடு அனுப்பும், சுவரில் மாட்டிய ஒரே மினி ஸ்ப்ளிட் அப்படி அனுப்பாது. "ஒரு யூனிட் போதும்" என்பது சிறிய வீட்டுக்கும், கதவைத் திறந்துவைத்துத் தூங்குபவர்களுக்கும் சரி. இரண்டு பாதிகளைச் சேர்த்த இரட்டை அகல வீடு என்றால் பேக்கேஜ் யூனிட்டையே ஹீட் பம்ப்பாக மாற்றுவதுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது. தம்பி, நீங்கள் இன்னும் வாங்கவில்லை என்றால் அந்த வழியை விலை கேட்டுப் பாருங்கள். உங்கள் டக்ட் ஏற்கெனவே அதோடு இணைந்திருக்கிறது.

25 ஜனவரி 2025

கழற்றலாமா என்று வடக்கு ஃபுளோரிடாவின் டாலஹாசியிலிருந்து கேட்டவருக்கு: உங்கள் ஊரில் நான் கழற்றச் சொல்ல மாட்டேன். அங்கே உறைபனி ஆண்டுதோறும் வருகிறது. ஃபர்னஸ் நல்ல நிலையில் இருந்தால் சுத்தம் செய்து, கூரைக்குழாயின் அடித்தகட்டை மாற்றி, ஆண்டுக்கு ஒருமுறை ஆள் வைத்துப் பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

9 பிப்ரவரி 2025

தம்பி பேக்கேஜ் ஹீட் பம்ப் மாட்டிவிட்டு, அது ஓடியதைப் பார்த்த பிறகே ஃபர்னஸை இறக்கியிருக்கிறார். படம் அனுப்பினார், தரைத் தகரம் அருமையாக உட்கார்ந்திருக்கிறது. பழைய இரும்புக்கடையில் எடைக்கு எடுத்துக்கொண்டார்களாம். மகிழ்ச்சி.

இனி அலமாரி. அரிசி, பருப்பு, புளி வைக்கப் போவதாக எழுதியிருக்கிறார். கிராதிக் கதவை மாற்றிக் கெட்டிக் கதவு போடாதீர்கள். காற்றோட்டம் இல்லாத சிறு அறை ஃபுளோரிடா ஆகஸ்டில் பூஞ்சை பிடிக்கும். கீழ்த் தட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்துங்கள். முதல் கோடை முழுவதும் மழைக்குப் பிறகு டார்ச் அடித்துச் சீலிங் மூலையையும் தரை மூலையையும் பாருங்கள். அரிசியைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள், வண்டும் ஈரமும் அண்டாது.